களைக்குக் களை, நடைக்கு நடை

அலுவலக பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க ஊதா நிற டி-சர்ட்டுகள் அடுக்கியிருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, சாவியைக் கொடுக்க வந்தவர் முதலில் திறந்து காட்டியது அதைத்தான். முதுகில் சிறகு விரித்த ஒரு பெண்பிள்ளையின் படம், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வாசகம். "தன்னார்வலர்களுக்கு, மேடம். நீங்க ஆளப் புடிச்சீங்கன்னா ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம்" என்றார். ஆளைப் பிடிப்பதுதான் என் வேலை. பெண்பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்று ஏற்பட்ட சின்னத் தொண்டு நிறுவனம் அது. தலைமை அலுவலகம் பெங்களூரில். தர்மபுரி மாவட்டத்தில் அதற்கு இருந்தது ஒரு வாடகை அறையும் அந்த பீரோவும் நானும்.

சேவை செய்யவேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததாக நினைவில்லை. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன், தாளாளரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன், இந்த வேலை கிடைத்தது, சேர்ந்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடேயே அந்த வேலையையும் பார்த்தேன்.

முதலில் எனக்கு வாய்த்த தன்னார்வலர்கள் பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுகளில் வருகிற ஐ.டி. பிள்ளைகள். மொரப்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்குவார்கள். ஆட்டோ பேசி, எங்களுக்கு ஒதுக்கியிருந்த ஊருக்குக் கூட்டிப்போவேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பெண்பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆங்கிலம் பேசப் பழக்குவார்கள். பாட்டு, விளையாட்டு, வண்ணம் தீட்டுதல் எல்லாம் உண்டு. கடைசியில் ஊதா டி-சர்ட்டோடு குழுவாக நின்று படம் எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு ரயிலேறுவார்கள். தங்கமான பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அத்தனை ஜோராக ஆங்கிலத்தில் பேர் சொன்ன பெண் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. அதைப் பார்ப்பதற்கு அவர்கள் யாரும் அங்கே இல்லை.

அவள் போகாததற்குக் காரணம் வழிதான். ஊரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். அதற்குமேல் என்றால் கடத்தூர். பஸ் ஊருக்குள் வராது, மெயின் ரோட்டோடு போய்விடும். அங்கே போக ஏரிக்கரைமேல் நடந்து, ரயில் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிற பாலத்தைத் தாண்டி, வேலிக்காத்தான் புதர் ஓரமாகப் போகவேண்டும். பாலத்தடியில் விடிந்தும் விடியாமல் குடிக்க உட்கார்ந்துவிடுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். கை வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பாட்டுப் பாடுவார்கள். பெண் அந்தப் பக்கம் போய் மறைகிறவரை பாடுவார்கள். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பிள்ளைகள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது இருட்டியிருக்கும். எட்டாவது முடித்த பெண்ணை வீட்டில் நிறுத்த இது ஒன்றே போதுமானதாக இருந்தது. "படிக்க வெக்கலாங்க, நல்லாத்தான் படிக்குது. தொணைக்கு யாரு போறது?" என்று கேட்பார்கள். காலையில் எல்லாருக்கும் காட்டில் வேலை.

பிள்ளைகளோடு தினமும் நடந்துபோக ஆள் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். நடப்பதற்குத் தனித்திறமை எதுவும் தேவையில்லையே, அதை எப்படித் தன்னார்வப் பணியில் சேர்ப்பது என்று பதில் வந்தது. வந்து ஒரு நாள் நடந்து பாருங்கள் என்று எழுதிப் போட்டேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் எனக்குக் கடிதப் போக்குவரத்து இல்லாமல் நிம்மதியாக இருந்தது.

சரி, ஊரிலேயே ஆள் திரட்டலாம் என்று மாரியம்மன் கோயில் முன்னால் பெண்களைக் கூட்டினேன். முறை போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு நடக்கவேண்டும், சம்பளம் கிடையாது என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மாவா? சும்மா எதுக்குங்க செய்யச் சொல்றீங்க?" என்றாள் ஒருத்தி.

"லோன் கம்பெனிங்களா நீங்க?"

"எலக்சன் கிலக்சன் வருதாட்டம் இருக்குது."

"மேடத்துக்கும் சம்பளம் இல்லீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எனக்குச் சம்பளம் உண்டு என்றேன். சிரித்தார்கள் பாருங்கள், கோயில் மணியே ஆடியிருக்கும். எனக்கு மானம் போனது. கடைசி ஆயுதமாக டி-சர்ட்டை எடுத்து விரித்தேன். ஓர் அம்மா வாங்கி அளவு பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்காரருக்கு ஆவும், குடுங்க" என்றாள். அப்படி ஐந்தாறு போயின. அடுத்த மாதம் ஒரு தக்காளிக் காட்டில் சிறகு விரித்த பெண்பிள்ளை குருவி விரட்டிக்கொண்டு நின்றாள்.

வழி கிடைத்தது ஒரு சாமந்திக் காட்டில். அந்தக் காட்டுக்காரிக்கு இரண்டு பெண்கள், பெரியவள் பத்தாவது. அவளிடம் தனியாகப் பேசிப் பார்க்கலாம் என்று போயிருந்தேன். நாலைந்து பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு, கூலி எவ்வளவு போகிறது என்று கேட்டேன்.

"கூலியா? இவுங்கெல்லாம் மாத்தாளுங்க" என்றாள் பூக்காட்டு அக்கா. "இன்னைக்கு இவுங்க எங்காட்டுக்கு வந்தாங்க. நாளைக்கு நான் அவுங்க காட்டுக்குப் போவேன். காசுக்கு ஆள் வெச்சா கட்டுப்படி ஆவுங்களா?"

"போகாமல் ஏமாத்திட்டா?"

அவள் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏமாத்திட்டு இந்த ஊர்ல எப்பிடிங்க இருக்கறது?"

எனக்கு அங்கேயே வரப்பில் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்துவிட்டேன். அதே பெண்கள்தான் கோயில் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள். சும்மா செய் என்றால் சந்தேகப்படுகிறவர்கள், மாத்தாள் என்றால் முதுகு ஒடியக் குனிந்து நிற்கிறார்கள். "பிள்ளைங்களோட நடக்கறதுக்கும் இப்படியே மாத்தாள் வெச்சுக்கலாமே. இன்னைக்கு நீங்க எல்லாப் பிள்ளைங்களோடயும் போங்க, நாளைக்கு இன்னொருத்தர் போகட்டும்" என்றேன். அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பூக்காட்டு அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருக்கலாமில்ல மேடம், சட்டையெல்லாம் எதுக்குக் காட்டுனீங்க?" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஓடத் தொடங்கிவிட்டது. காலையில் ஒருத்தி, இருட்டும் நேரத்தில் ஒருத்தி. கடத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த பாய் வீட்டு அம்மா ஒருவர், பஸ் வருகிறவரை பிள்ளைகள் தன் கடையில் உட்காரட்டும் என்றார். அதற்கு மாத்தாக ஊர்ப் பெண்கள் முறை போட்டுப் போய் அவர் கடையில் பட்டனும் கொக்கியும் தைத்துக் கொடுத்தார்கள். அவர் கேட்கவில்லை, இவர்கள்தான் விடவில்லை. நான் செய்ததெல்லாம், யார் முறை என்று சண்டை வரும்போது நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியதுதான்.

அந்தச் சண்டைகளில்தான் அவர்களுடைய சட்டம் எனக்குப் புரிந்தது. ஒருத்தி தன் முறைக்கு வராமல், ஈடாக ஒரு கூடைத் தக்காளியைக் கொடுத்தனுப்பினாள். அவளுக்குப் பதிலாக நடந்தவள் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக அவள் வாசலுக்கே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏமே, தக்காளி எங்காட்லயும் காச்சுத் தொங்குது. நான் என்ன தக்காளியா குடுத்தேன்? நடந்தேன். நீ வந்து நட" என்றாள்.

"இந்த ஒருக்கா வாங்கிக்கக்கா."

"களைக்குக் களை, அறுப்புக்கு அறுப்பு. சோத்தப் போட்டுக் களையக் கழிப்பியா நீ?"

கூடை அங்கேயே இறங்கியது. கூடையை இறக்கியவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் அவளை டார்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு பழைய டார்ச் லைட் வைத்திருந்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வந்தால் தூங்குவார், எழுந்தால் போய்விடுவார். ஒரே பெண், அப்போது பிளஸ் ஒன். டார்ச் அக்கா நடக்க ஆரம்பித்த முதல் வாரமே பாலத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் வெளிச்சத்தை அடித்து, "யாருடா அது? ஒங்க ஆத்தா பேரச் சொல்லு, போய்ப் பாட்டு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு வர்றேன்" என்றாளாம். இரண்டு மூன்று நாளில் அவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

தன் முறைக்கும் வருவாள், முடியாதவர்கள் முறைக்கும் வருவாள். காய்ச்சல், விருந்தாளி, தண்ணி பாய்ச்சும் முறை என்று முடியாதவர்கள் எப்போதும் இருந்தார்கள். பூக்காட்டு அக்காவுக்குப் பூப்பறிக்கிற மாதம் முழுக்க அவள்தான் நடந்தாள். "திருப்பிடறேன்டி" என்று எல்லாரும் சொல்வார்கள். "எங்க போயிருவீங்க, மெதுவா திருப்புங்க" என்பாள். பெங்களூரிலிருந்து அவளை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், டி-சர்ட் போட்டு. அவளிடம் சொன்னேன். "அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நான் நடந்தா நாயே கொலைக்கும்" என்று சொல்லிவிட்டாள். அப்படியே எழுதி அனுப்பினேன்.

கார்த்திகையில், பூக்காட்டு அக்கா வீட்டு வாசலில் மாதக் கூட்டம். டார்ச் அக்கா தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தாள். யாருக்கோ நல்ல செய்தி என்று நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்குது. தை பொறந்ததும். எந்தம்பிக்கே" என்றாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பெண்ணுக்குப் பதினேழு முடியவில்லை. தாய்மாமன் ஓசூரில் கம்பெனி வேலை, வயது முப்பதை நெருங்கும். யாரும் வெற்றிலையை எடுக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கே இது நியாயமாப் படுதா? ஊர்ப் பிள்ளையெல்லாம் படிக்கணும்னு நடந்தீங்களே, வாயை மூடிக்கிட்டு வெத்தலைத் தட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டீங்களே!" என்று கத்தினேன். கத்தினேன் என்பதைக் கூட்டிச் சொல்லவில்லை, அடுத்த வீட்டுக் கோழி பறந்தது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "மாட்டேன்னா எங்கம்மா வூட்டு வாசல் அடைஞ்சிரும் மேடம். எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு வாசல்தான். அவன் மூஞ்சிக்கு நேரா என்னால சொல்ல முடியாது" என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்க புள்ளைங்களுக்கெல்லாம் நான் நடந்தேன். இன்னும் யாரும் மாத்தாளு திருப்பல. இப்ப கேக்கறேன். நாளைக்குக் காத்தால எந்தம்பி வர்றான், துணியெடுக்கப் போறதுக்கு. எல்லாரும் வந்து நில்லுங்க, வேல இருக்குது."

தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போடுவது என் வேலையின் விதி. போனை எடுத்தேன். பூக்காட்டு அக்கா என் கையைப் பிடித்தாள். "போடுங்க. வேணாங்கல. காத்தால நாங்க போய் நின்னுட்டு வந்தப்பறம் போடுங்க" என்றாள்.

"போய்ச் சமைச்சுக் கொடுக்கப் போறீங்களா?"

"மாத்தாளு கேட்டா போவாம இருக்க முடியுமா?"

எனக்கு இவர்கள் எல்லாரையுமே பிடிக்காமல் போய்விட்ட நேரம் அது. தர்மபுரிக்குத் திரும்பவில்லை, அங்கேயே தங்கினேன். தெருவில் போகும்போது டார்ச் அக்காவின் பெண்ணைப் பார்த்தேன், வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன். "நாளைக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்குது மேடம்" என்றாள்.

காலையில் பிள்ளைகள் கிளம்புகிற நேரம். டார்ச் அக்கா வீட்டு முன்னால் தம்பியின் பைக் நின்றது. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்து பெண்கள் வந்தார்கள். அன்றைய முறைக்காரி மட்டுமில்லை, எல்லாரும். மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் வந்தவள், பூப்பறிக்கிறதைப் பாதியில் விட்டு வந்தவள், தக்காளிக் கூடைக்காரி, அவர்களோடு புத்தகப் பை மாட்டிய பிள்ளைகள். கையில் கரண்டி இல்லை, அரிவாள்மனை இல்லை. வாசலில் வந்து நின்றார்கள்.

"மாத்தாளு கேட்டியே, வந்துட்டோம். பொண்ண அனுப்பு, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள் பூக்காட்டு அக்கா.

டார்ச் அக்கா நிலைப்படியில் நின்றாள். "கல்யாண வேலைக்குத்தான கூப்ட்டேன்."

"எம் புள்ளைக்கு நீ என்ன கல்யாணச் சோறா ஆக்குன? நடந்த. நடைக்கு நடைதான் திருப்புவோம். களைக்குக் களைன்னு சொன்னவளே நீதான்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னக்கா இது? யாரு இவுங்க? எங்க வூட்டு விசயத்துல இவுங்களுக்கு என்ன வேல?"

"வேல இருக்குது தம்பி" என்றாள் தக்காளிக்காரி. "ஒங்கக்கா எங்க புள்ளைங்களுக்கு நடந்தது எங்க தலமேல நிக்குது. ஒவ்வொரு நடையாத் திருப்பணும். இன்னைக்கும் வருவோம், நாளைக்கும் வருவோம். அது பன்னண்டாவது முடிக்கிற வரைக்கும் திருப்பினாலும் பாக்கி இருக்கும். அதுவரைக்கும் இந்த வாசல்லதான் நிப்போம்."

"போகச் சொல்லுக்கா" என்றார் அவர்.

டார்ச் அக்கா தம்பியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "எப்பிடிடா சொல்றது?" என்றாள். "மாத்தாளு திருப்ப வந்தவுங்கள வேணாம்னு அனுப்புனா, நாளைக்கு எங்காட்டுல எவ வந்து குனிவா? நீ ஓசூர் போயிருவ. நான் இந்த ஊர்ல இருக்கணும்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ கண்ணு, பைய எடுத்துக்கிட்டுப் போ."

பெண் ஏற்கெனவே யூனிஃபார்மில்தான் இருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தாள். ஏரிக்கரைமேல் அத்தனை பேரும் போனோம். கடைசியில் நான். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, குளிர்காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே போனும் போட்டேன். அதிகாரியம்மா ஒருவர் வந்து, பதினெட்டு முடியாமல் செய்யமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். தம்பி கையெழுத்துப் போடவில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பியும் வரவில்லை. பெண்கள் சொன்னபடி தினமும் அந்த வாசலில் போய் நின்றார்கள். பெங்களூருக்கு வலுவான தன்னார்வலர் அமைப்பை உருவாக்கியது எப்படி என்று ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. எனக்கு எழுத வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் டார்ச் அக்காவோடு மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். மனசில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு அவுங்க இப்படி வந்து நிப்பாங்கன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா?"

"பின்ன? களைக்குச் சோறு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "எந்தம்பிகிட்ட நானா மாட்டேன்னு சொல்ல முடியாது மேடம். அவுங்க வந்து நின்னா சொல்லலாம். அவுங்களும் பேசாம கரண்டியோட வந்துருந்தா என்ன பண்ணியிருப்பேன்னுதான் அன்னைக்கு ராத்திரி தூங்கல."

தை பிறந்தது. பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வருகிற நாள். ஒவ்வொரு வருஷமும் தம்பிதான் கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் புடவையும் பைக்கில் கட்டிக்கொண்டு வருவாராம். டார்ச் அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மத்தியானம்வரை உள்ளேயும் வெளியேயும் வந்துகொண்டிருந்தாள் என்று பூக்காட்டு அக்கா சொன்னாள். சீர் வரவில்லை. ஊர்ப் பெண்களில் ஒருத்தியாவது ஒரு கரும்பை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்டேன். "அம்மா வூட்டுச் சீரை நாங்க எப்பிடிங்க குடுக்கறது?" என்றாள். அதற்கு மாத்தாள் கிடையாது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலை. பனி இறங்கியிருந்தது. அன்றைக்குப் பூக்காட்டு அக்கா முறை. பிள்ளைகள் கிளம்பும்போது டார்ச் அக்காவும் அவள் பெண்ணோடு வந்து சேர்ந்துகொண்டாள், கையில் டார்ச்சோடு.

"இன்னைக்கு உங்க முறை இல்லீங்களே. உங்களுக்கு அவுங்கதான் நடக்கணும். வூட்டுல இருங்க" என்றேன்.

"வூட்டுல இருந்தா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கறேன் மேடம்" என்றாள். "நடக்கறேன், வுடுங்க."